வலப்பக்கத்து விண்ணப்பம்

அந்த மருந்து ஆராய்ச்சிப் பயிற்சிக்கு இந்த வருஷம் ஒரே ஒரு ஆளைத்தான் எடுக்கிறார்கள் என்று முதலில் எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு வயலெட் அக்காதான், ஆண்டவரே. போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். “ஏளா சுகிர்தம், நம்ம லிடியாவுக்கு வியாழக்கிழமை மெட்ராஸ்ல இன்டர்வியூ. படிக்கவும் வச்சு, மாசாமாசம் சம்பளம் மாதிரி உதவித்தொகையும் குடுப்பாங்களாம். மூணு வருஷம். ஆனா ஒரே ஒரு இடந்தான். நீ ஜெபத்துல வச்சுக்கோ, என்ன?” நான் சரிக்கா என்றேன். கையில் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழி வந்த பிறகுதான் பார்க்கிறேன், வலது காலில் கிடந்தது என் செருப்பு இல்லை. அந்த இன்டர்வியூவுக்கு என் மகள் ஹெப்சியும் போகிறாள். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. ஹெப்சி சொல்லக் கூடாது என்றிருந்தாள். “வியாழக்கிழமை மருந்து ஆராய்ச்சிப் பயிற்சிக்கு ஒரு இன்டர்வியூ இருக்கும்மா, யார்ட்டயும் சொல்லிட்டு இருக்காதே” என்று போனில் சொன்னது அவ்வளவுதான். என்ன படிப்பு, எத்தனை இடம், யார் யார் வருகிறார்கள், ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் “உனக்குப் புரியாதும்மா” என்பாள். பத்தாவது படித்தவளுக்குப் புரியாததாகவே இருக்கட்டும். ஆனால் வயலெட் அக்கா எட்டாவதோடு நின்றவள் என்று உமக்குத் தெரியும். அவளுக்கு எல்லாம் புரிகிறது. எல்லாவற்றையும் அவள் மகள் சொல்லுகிறாள். என் மகள் விஷயத்தை அவள் மகள் அவளுக்குச் சொல்லி, அவள் எனக்குச் சொல்லி, நான் செருப்பு மாறி வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

இதோ அந்த வியாழக்கிழமை. பெண்கள் ஜெபக்கூட்டத்தில் போதகர் வீட்டம்மா, நம்முடைய ஐயரம்மா, கண்களை மூடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூடித்தான் இருக்கிறேன், ஆனால் இமைக்குள்ளே எல்லாம் தெரிகிறது. பாய் முட்டியில் குத்துகிறது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை க்ளக் என்கிறது. பின்கட்டில் சுக்குக் காப்பி கொதிக்கிற மணம் வந்து, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு தானாகக் கூப்பிடுகிறது, மன்னியும். நான் இன்றைக்குப் பிந்தி வந்தேன். ஹெப்சி உள்ளே போகிறதற்கு முன்னால் ஒரு வார்த்தை கூப்பிடுவாள் என்று வீட்டு வாசல் கேட்டில் நின்றுகொண்டே இருந்தேன். கூப்பிடவில்லை. ஓடிவந்து பார்த்தால் வட்டத்தில் ஒரு இடமும் இல்லை, வயலெட் அக்காதான் பாயைத் தட்டினாள். “இங்கன வாளா, உனக்குன்னுதான் முந்தானையப் போட்டு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்.” எத்தனை அன்பு பாரும். அந்த அன்பு எனக்கு வேப்பெண்ணெய் மாதிரி இறங்கிற்று. உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் எனக்கு வலப்பக்கம். நம்முடைய சங்கிலி ஜெபத்தின் விதி உமக்குத் தெரியும், ஐயரம்மா போன வருஷம் போட்டது. அதற்கு முன்னாலெல்லாம் அவரவர் பிள்ளைக்கு அவரவர் ஜெபிப்போம். தங்கபாய் அவளுடைய ஐந்து பிள்ளைகளையும் மருமக்களையும் ஊர் ஊராகச் சுற்றி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போகும். அதனால் ஐயரம்மா சொன்னார்கள், இனிமேல் சொந்தப் பிள்ளைக்குச் சொந்த வாயால் கேட்கக் கூடாது, ஒவ்வொருவரும் விண்ணப்பத்தைச் சொல்லிவிட்டு உட்காரட்டும், வலப்பக்கம் இருக்கிறவளின் விண்ணப்பத்தை எடுத்து மற்றவள் ஜெபிக்கட்டும். நல்ல விதிதான். எல்லாரும் அழுதுகொண்டே ஆமென் சொன்னோம். இன்றைக்கு வயலெட் அக்கா எழுந்து நின்று, “என் மகளுக்கு அந்த ஒரு இடம் கிடைக்கணும்” என்று விண்ணப்பம் சொன்னாள். அதை நான்தான் கேட்க வேண்டும். என் வாயால்.

சங்கிலி கிளம்பிவிட்டது. ஐயரம்மா தங்கபாய்க்காக ஜெபிக்கிறார்கள், குரல் இழுத்து இழுத்து வருகிறது, இன்னும் நேரம் இருக்கிறது. தங்கபாய், அதற்குப் பிறகு அன்னபாக்கியம் சித்தி, அதற்குப் பிறகு நான். பதினொரு மணி ஆகியிருக்கும். இந்நேரம் ஹெப்சியை உள்ளே கூப்பிட்டிருப்பார்களா? பெயர் வரிசையில் கூப்பிட்டால் இங்கிலீஷில் எச் முதலில், எல் பிறகு. அதை நினைத்துப் பார்த்து ஞாயிறு முழுக்க ஆறுதல் பட்டேன். சின்னப் பிள்ளையிலிருந்தே இதுகள் இரண்டும் ஒரே வகுப்பு. லிடியா டாக்டருக்குப் படிக்கப் போனாள். ஹெப்சிக்கு ஒரு துளி மார்க்கு பற்றவில்லை, மருந்தியல் படிப்பில் சேர்ந்தாள். அன்றைக்கு இதே பாயில் யாரோ கேட்டார்கள், “அப்போ மெடிக்கல் ஷாப் வைக்கப் போறாளா?” வயலெட் அக்காதான் எனக்கு முந்தி பதில் சொன்னாள், “அப்படிச் சொல்லாதீங்க, அதுவும் பெரிய படிப்புதான்.” அதுவும். அந்த ‘வும்’ இன்னும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது, ஆண்டவரே. அந்த டாக்டர் பிள்ளை டாக்டராகவே இருந்திருக்கலாம் இல்லையா? கோட்டு இருக்கிறது, கழுத்தில் குழாய் இருக்கிறது, நோயாளி இருக்கிறார்கள். எதற்கு இந்தப் பக்கம் வந்தாள்? இந்தப் பயிற்சி என்னவென்றும் அக்காதான் சொன்னாள். நோயைப் படிக்கிறது இல்லையாம், விழுங்கின மாத்திரை உடம்புக்குள்ளே போய் என்னவெல்லாம் செய்கிறது என்று ஆஸ்பத்திரியிலேயே இருந்து படிக்கிறதாம். “ஏளா, நீ போடுற சுகர் மாத்திரை எந்தத் தேசத்துத் தடியனுக்கு அளந்ததோ. உன் ஒடிசல் உடம்புக்கு அது சரியா, கூடுதலா, யாரு பாத்தா? அதைப் பாக்கிறதுதான் அந்தப் படிப்பு.” நான் அன்றைக்கு ராத்திரி போனில் ஹெப்சியிடம், மாத்திரையை ஆளுக்கு ஆள் அளக்கிற படிப்பாமே என்று கேட்டேன். “யாரும்மா சொன்னா?” என்றாள். வயலெட் அக்கா என்று நான் சொல்லவில்லை. “ஆமா, அது மாதிரிதான்” என்றாள், ஆச்சரியமாக, சந்தோஷமாகக்கூட. அந்தச் சந்தோஷத்தை வயலெட் அக்காவின் வாக்கியத்தால் வாங்கினேன். கடன் வாங்கின நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருந்தது.

தங்கபாய் ஆரம்பித்துவிட்டாள். அன்னபாக்கியம் சித்திக்குக் கண் ஆபரேஷன். “டாக்டருடைய கையை நீர் பிடியும், கத்தியை நீர் பிடியும், மயக்க ஊசி போடுகிறவருடைய கையை…” என்று ஏறிக்கொண்டே போகிறாள். சித்தி கண்ணைத் திறக்காமலே, “மயக்க ஊசி இல்லைட்டி, சொட்டு மருந்துதான்” என்கிறாள். யாரோ சிரிப்பை மூக்கில் அடக்குகிறார்கள். கண் என்றதும் எனக்கு அந்தக் கண் வந்துவிட்டது. ஹெப்சி அப்பாவின் மஞ்சள் கண். இருமல் விடாமல் இருந்து, டிபி என்று சொல்லி, மாத்திரை கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர் வேலை, யாருக்கும் தெரியக் கூடாது என்று பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்து விழுங்குவார். ஒன்றுக்குப் போனால் ஆரஞ்சுச் சாயம் கரைத்த மாதிரி இருக்கும், அப்படித்தான் இருக்கும் பயப்படாதே என்று சொன்னார். அதனால்தான் கண் மஞ்சளானபோதும் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். ஹெப்சியிடம் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பரீட்சை நேரம், அவர் சொல்லாதே என்றார், நானும் சொல்லவில்லை. மருந்தைப் படிக்கிற பிள்ளையிடம் மருந்தை மறைத்தோம். ஒரு ஞாயிறு கோயிலில் வைத்து லிடியா அவர் முகத்தைப் பார்த்தாள், அப்போது அவள் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர். “மாமா, இங்க வெளிச்சத்துக்கு வாங்க” என்று கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய் இமையை இழுத்துப் பார்த்தாள். அன்றைக்கே எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். மாத்திரை ஈரலைத் தின்றுகொண்டிருந்ததாம். ஈரல் தேறின பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து, எது ஒத்துக்கொள்கிறது என்று பார்த்தார்கள். பிழைத்தார். இன்றைக்கும் சாயங்காலமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போகிறார். நான் ஸ்தோத்திரம் சொல்லவில்லையா? தினமும் சொல்கிறேன். ஆனால் சபையில் எழுந்து நின்று அதைச் சாட்சியாகச் சொன்னது யார்? வயலெட் அக்கா. என் வீட்டுக்காரர் பிழைத்ததற்கு அவள் சாட்சி. மேடையில் மைக்கைப் பிடித்து, “கர்த்தர் என் மகளுடைய கண்ணைத் திறந்தார்” என்றாள். சபையே ஆமென் என்றது. நான் முன் வரிசையில் அவர் பக்கத்தில், காட்சிப் பொருள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஹெப்சி இந்தச் செய்தியைக் கேட்டதும் யாரிடமிருந்து என்று நினைக்கிறீர். லிடியாவிடமிருந்து. அன்றைக்கு ராத்திரி போனில் அவள் என்னைத் திட்டவில்லை. “சரிம்மா” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்றும் சொல்வதை நிறுத்தினாள் என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, அதற்கு முந்தியே நிறுத்திவிட்டாளோ? நினைவில்லை. எந்த நாளில் பிள்ளையின் பேச்சு வற்றியது என்று எந்தத் தாய்க்குத் தெரியும்?

அதிலும் பாரும், நேற்றுக் குழாயடியில் அக்கா சொன்னாள், “லிடியா உன் வீட்டுக்காரர் கதையைத்தான் இன்டர்வியூல சொல்லப் போறாளாம். எதுக்கு இந்தப் படிப்புக்கு வர்றேனு கேப்பாங்கல்லா? மெலிஞ்ச உடம்புக்கு டிபி மாத்திரை எவ்வளவு குடுத்தா ஈரல் தாங்கும்னு கண்டுபிடிக்கணும்னு சொல்லப் போறா.” அது என் பிள்ளையின் கதை. பெற்ற தகப்பன். ஹெப்சி எனக்குச் சொல்லவில்லை, ஆனால் அவள் வேறு எதைச் சொல்வாள்? போன தடவை ஊருக்கு வந்தபோது அவருடைய பழைய மாத்திரை அட்டைகளையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாளே, அது எதற்கு? ஒரே ஆளின் மஞ்சள் கண்ணை இரண்டு பிள்ளைகளும் அந்த மேஜைக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கப் போகிறார்கள். முதலில் சொல்கிறவளுக்கு அது மெய். இரண்டாவது சொல்கிறவள் பார்த்து எழுதினவள் மாதிரி ஆகிவிடுவாள். எச் முதலில், எல் பிறகு. எச் முதலில். ஆனால் வீட்டு விலாசப்படி கூப்பிட்டால்? வயசுப்படி கூப்பிட்டால் லிடியாதான் மூத்தவள், சித்திரைப் பிறப்பு. இந்த வருஷத்தோடு ஹெப்சிக்கு வயசு வரம்பு முடிகிறது, அது மட்டும் அவள் வாயிலிருந்தே தப்பி வந்தது, “இதான் கடைசிம்மா.” இல்லையென்றால் இப்போது வேலை பார்க்கிற மருந்துக் கம்பெனியிலேயே கிடக்க வேண்டியதுதான். உலகத்தில் எங்கோ யாருக்கோ மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே இருக்கிற வேலை. வாந்தி, அரிப்பு, தலைசுற்றல், சாவு. ஆளின் முகம் தெரியாது, பெயர் தெரியாது. “தலைசுத்தலை டைப் அடிச்சு எனக்குத் தலை சுத்துதும்மா” என்று ஒரு தடவை சிரித்தாள். அந்த ஒரு சிரிப்பை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்னபாக்கியம் சித்தியின் குரல். ஐயோ, எனக்காக. நான் விண்ணப்பம் சொல்லும்போது இன்டர்வியூவைச் சொல்ல முடியாமல், பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருக்கிறாளே என்று, வாயில் வந்ததைச் சொன்னேன். ஹெப்சி கல்யாணம் என்றேன். சித்தி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “தகப்பனே, இந்தச் சுகிர்தத்தின் மகளுக்கு, முப்பதைத் தொடப் போற பிள்ளைக்கு, குடிக்காத, கைநீட்டாத ஒரு மாப்பிள்ளையை இந்த நிமிஷமே எழுப்பிக் கொண்டாரும், தாமதம் பண்ணாதேயும், இந்த நிமிஷமே!” எல்லாரும் ஆமென், ஆமென். இந்த நிமிஷம் வேண்டாம் ஆண்டவரே! பொம்பளைப் பிள்ளைகளிடம் கல்யாணம் எப்போது என்று அந்த இன்டர்வியூவிலேயே கேட்பார்களாம், கல்யாணம் பண்ணிக்கொண்டு பாதியில் போய்விடுவார்கள் என்று இடம் கொடுக்க யோசிப்பார்களாம், அதுவும் அக்கா சொன்னதுதான். இப்போது இங்கிருந்து மெட்ராஸுக்குப் புறப்படுகிற ஒரே ஜெபம் இதுதான். என் பிள்ளைக்காக இந்த உலகத்தில் ஒருத்தி கேட்கிறாள், அதுவும் தப்பாகக் கேட்கிறாள், நான் சொல்லிக்கொடுத்தபடி. மற்றப் பிள்ளைக்கோ சரியாகக் கேட்பதற்கு நான் இருக்கிறேன். சித்தி முடிக்கிறாள். ஆமென். மின்விசிறி க்ளக். இப்போது எல்லாரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள். வயலெட் அக்காவின் கை வந்து என் கையைப் பிடிக்கிறது. பனி மாதிரிச் சில்லென்று இருக்கிறது. இத்தனை சில்லிப்பு எதற்கு? இந்த அக்காவுக்கும் பயம் உண்டா?

“உமது சித்தம் போல் ஆகட்டும்” என்று இரண்டே வரியில் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். யாரும் குற்றம் சொல்ல முடியாது. அப்புறம் வேறொரு யோசனை வந்தது, உமக்குத்தான் தெரியுமே, நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர். பெயரை மட்டும் லிடியா என்று சொல்லிவிட்டு மற்ற எல்லாவற்றிலும் ஹெப்சியை வைத்துவிடலாம் என்று. அடையாளத்தைப் பார்த்து நீர் கண்டுகொள்வீர் என்று. காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் அப்படியே இருந்தது, வாயைத் திறந்தேன். “ஆண்டவரே, லிடியாவை உம்முடைய கரத்தில் வைக்கிறோம். அந்தப் பிள்ளைக்குப் பயம் வந்தால் உள்ளங்கை வேர்க்கும், துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருப்பாள்…” “ஆமா ஆண்டவரே” என்றாள் அக்கா. “முதல் கேள்விக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், தெரிந்த பதிலும் தெரியாத மாதிரி இருக்கும்…” “ஆமா, ஆமா.” “வீட்டிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் போயிருப்பாள், சாப்பிட்டேன் என்று பொய் சொல்லியிருப்பாள்…” “ஆமா ஆண்டவரே, அப்படியேதான்!” எதைச் சொன்னாலும் பொருந்துகிறது. என் பிள்ளையின் கையும் நாக்கும் வயிறும் அவள் பிள்ளைக்குச் சரியாக இருக்கிறது. எனக்கு மட்டும் உரியது என்று ஒரு அடையாளமும் இல்லையா? தேடினேன், ஜெபிக்கிற வாக்கியத்துக்கு உள்ளேயே நின்று தேடினேன், அப்போது என்னை அறியாமல் வந்துவிட்டது. “அம்மாவிடம் ஒன்றையும் மறைக்காத பிள்ளை, ஆண்டவரே. எது நடந்தாலும் முதலில் அம்மாவைத்தான் கூப்பிடுவாள். அந்த வாயை நீர் அடைத்துவிடாதேயும்.” அது ஹெப்சி இல்லை. அது லிடியாவேதான். அப்படியே அழுதுவிட்டேன். அக்காவும் அழுகிறாள். எல்லாரும் அழுகிறார்கள். இந்த வட்டத்தில் இதுவரைக்கும் இப்படி ஒரு ஜெபத்தை யாரும் ஏறெடுத்ததில்லை என்கிற மாதிரி ஐயரம்மா “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்கிறார்கள். ஆமென் சொல்லி நிறுத்தினேன்.

ஐயோ, ரொம்ப நன்றாக ஜெபித்துவிட்டேனே. நீர் கேட்டிருப்பீர். இப்படிக் கேட்டால் எந்தத் தகப்பன் கொடுக்காமல் இருப்பான்? என் சொந்தக் கண்ணீரைப் போட்டு அவள் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டேன். “நல்லாயிரு தாயி” என்று அக்கா என் காதுக்குள் சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவளுக்கு வலப்பக்கம் இருக்கிற டீச்சருக்காக ஜெபிக்கத் தொடங்கிவிட்டாள். என் கையை விடவில்லை. அந்தக் கைக்கு இன்னும் சூடு வரவில்லை. என்னால் அதைத் தள்ளவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. என் பொறாமை போய்விட்டது என்று உமக்கு முன்பாகப் பொய் சொல்லமாட்டேன். இருக்கிறது. ஆனால் அது அந்த இடத்தின் மேலே இல்லை போலிருக்கிறது, ஆண்டவரே. உதவித்தொகையின் மேலேயும் இல்லை. டாக்டர் கோட்டின் மேலே, சாட்சியின் மேலே என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் அவள் வீட்டில் போன் அடிக்கும். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “சொல்லு மக்ளே” என்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அந்தச் “சொல்லு மக்ளே” மேலேதான்.

என்னமோ நடுங்குகிறது. முட்டிக்குப் பக்கத்தில். போன். போன வருஷத்துப் பெண்கள் மாநாட்டில் எல்லாருக்கும் கொடுத்தார்களே, அந்த ஊதாத் துணிப்பை, என்னுடையதும் அக்காவுடையதும் பாயில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. இரண்டிலும் போன் இருக்கிறது. இரண்டும் சத்தமில்லாமல் வைத்தது. எந்தப் பை என்று முட்டிக்குத் தெரியவில்லை. ஒன்று நடுங்கினால் மற்றதும் சேர்ந்து நடுங்குகிறது. அக்காவின் விரல் என் விரல்களுக்குள் இறுகுகிறது, அவளுக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் ஜெபத்தில் பாதியில் இருக்கிறாள், கண்ணைத் திறக்கமாட்டாள். நானும் திறக்கவில்லை. இன்னும் நடுங்குகிறது. ஆண்டவரே, அந்த இடத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடும், நான் அதைக் கேட்கவில்லை. நல்லதோ கெட்டதோ, இந்த ஒரு தடவை நடுங்குவது என் பையாக இருக்கட்டும்.